வளையும் உடலும் வளைக்கும் முறையும்

“ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?” என்பது நம்மவர் நாவிற் பயிலும் பழமொழி. கல்வியையும் ஒழுக்கத்தையும் குறித்தே இதனை நாம் வகுப்பறையில் எடுத்தாள்கின்றோம். ஆயின், இதனை உடலின்மேல் ஏற்றிப் பொருள்கொள்வோரும் உளர். அவருள் ஒருசாரார், இளமையிலேயே உடலை வலிந்து வளைத்துவிட வேண்டுமெனக் கருதுவர். மற்றொருசாரார், ஐம்பது கடந்தபின் முயல்வது வீண் என்று வாளாவிருப்பர். இவ்விரு கொள்கையும் பிழையுடையன. உடலை நெகிழ்விக்கும் முறைகள் எவை, அவற்றால் விளையத்தக்க ஊறுகள் எவை என்பவற்றை ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வாம்.

ஒரு மூட்டு, தனக்கு இயல்பாக அமைந்த எல்லை முழுவதும் தடையின்றி இயங்கும் ஆற்றலே நெகிழ்ச்சியாம். இதனைத் தளர்ச்சியோடு மயங்குதல் கூடாது. எலும்போடு எலும்பைப் பிணைக்கும் இணைநார்கள் அளவிறந்து நீண்டுவிடின், மூட்டுத் தன் உறுதியை இழக்கும், அது தளர்ச்சி. நாம் நீட்ட வேண்டியது தசையையேயன்றி இணைநாரையன்று.

தசையினுள்ளே தசைக்கதிர் எனப்படும் நுண்ணிய உணர்கருவிகள் உள. தசை விரைந்து நீளுமாயின் அவை முண்ணாணுக்குச் செய்தி விடுக்கும். உடனே அத்தசை தானாகவே சுருங்கும். இது நீட்சித் தெறிவினை எனப்படும். ஆங்கில அறிஞர்களான லிடெல், செரிங்டன் ஆகிய இருவரும் 1924 ஆம் ஆண்டில் இதனை ஆராய்ந்து வெளியிட்டனர். விரைந்து இழுக்குந்தோறும் தசை எதிர்த்துச் சுருங்கும் என்னும் இவ்வுண்மையை மனத்திற் கொண்டால், பயிற்சி முறைகளின் நன்மை தீமைகள் எளிதிற் புலனாகும்.

அம்முறைகள் நால்வகைப்படும். முதலாவது நிலைநீட்டல். தசையை மெல்ல நீட்டி, இழுவை உணரப்படும் இடத்தில் அசையாது நிற்றல் இது. 10 முதல் 30 செக்கன் வரை நிற்றல் போதும். முதியோர் 30 முதல் 60 செக்கன் வரை நிற்கலாம். யோகாசனங்கள் பலவும் இவ்வகையின. இரண்டாவது இயக்கநீட்டல். கால்களை அளவோடு முன்னும் பின்னும் வீசுதல், கைகளைச் சுழற்றுதல், நீண்ட அடி வைத்து நடத்தல் முதலியன இதன்பாற்படும். மூன்றாவது துள்ளுநீட்டல். விரல்நுனி நிலத்தைத் தொடும்வரை உடலைத் திரும்பத் திரும்பக் குலுக்கிக் குனிதல் இதற்கு எடுத்துக்காட்டு. சுருங்க முயலும் தசையை மேலும் இழுப்பதால், பழக்கமில்லாதார்க்கு இது தீங்கு பயக்கும். நான்காவது சுருக்கி நீட்டல். துணைவர் ஒருவரின் கையை எதிர்த்துத் தசையைச் சில செக்கன் சுருக்கி, பின் தளர்த்தி நீட்டுதல் இதன் முறை. நரம்பு நோயாற் கை கால் வலுவிழந்தோர்க்காக, அமெரிக்க வைத்தியர் ஹேர்மன் கபாற் 1940களில் வகுத்த சிகிச்சையிலிருந்து இது விளையாட்டுத் துறைக்கு வந்தது. பயிற்சி பெற்றவர் மேற்பார்வையிலேயே இதனைச் செய்தல் வேண்டும்.

நீட்டற்பயிற்சி செய்தாற் காயமே வாராது என்று பலர் நம்புகின்றனர். அவுஸ்திரேலியாவிற் படைப்பயிற்சி பெற்ற 1,538 இளைஞரை வைத்து நிகழ்ந்த ஆய்வொன்று 2000 ஆம் ஆண்டில் வெளிவந்தது. பயிற்சிக்கு முன் தசைகளை நீட்டியோர்க்கும் நீட்டாதோர்க்கும் இடையே, காயமடைதலிற் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. அன்றியும், ஒரு தசையை 60 செக்கனுக்கு மேல் நிலையாக நீட்டி வைத்தால், அதன் வலிமை சிறிது நேரத்துக்குக் குறையும் என்பதும் அறியப்பட்டுள்ளது. ஆதலின், ஓட்டத்துக்கும் உதைபந்தாட்டத்துக்கும் முன்பு மெல்லோட்டத்தால் உடலைச் சூடேற்றி, இயக்கநீட்டல் செய்தலே தக்கது. நீண்ட நிலைநீட்டலை விளையாட்டு முடிந்தபின்போ, வேறொரு வேளையிலோ வைத்துக்கொள்க.

மெல்ல நீட்டுவதிலும் ஆபத்து இல்லாமலில்லை. சுவீடன் நாட்டில் ஓட்டவீரர் 18 பேரையும் நடனக்கலைஞர் 15 பேரையும் ஆராய்ந்து 2007 இல் வெளியிட்டனர். ஓட்டவீரர் விரைந்து ஓடுகையிற் பின்தொடைத் தசை கிழிந்தவர்கள். நடனக்கலைஞர் மெதுவாக நீட்டுகையிற் காயமுற்றவர்கள். முன்னையோர் பழைய நிலையை அடைய நடுத்தரமாக 16 வாரம் சென்றது. பின்னையோர்க்கோ 50 வாரம் சென்றது. தொடக்கத்தில் நோவு குறைவாயிருந்தும் குணமடைதல் நீண்டது.

மாணவர் திறத்தில் இன்னும் ஒரு செய்தியை அழுத்திக் கூற விரும்புகின்றோம். நாம் அமரும்போது நிலத்திற் படும் இடுப்பெலும்பு முனையிலேதான் பின்தொடைத் தசைகள் தொடங்குகின்றன. பதின்பருவத்தினரிடத்தே அம்முனை இடுப்பெலும்போடு முற்றாக ஒட்டியிராது. இடையே வளர்ச்சிக் குருத்தெலும்பு உண்டு. மிகுந்த இழுப்பு நேரின், தசை அறுவதற்கு முன் அவ்வெலும்பு முனையே பெயர்ந்துவிடக்கூடும். ஆகவே, கால்நீட்டிக் குனிந்திருக்கும் மாணவனின் முதுகில் மற்றொருவன் கைவைத்து அழுத்துதலும், மேலே ஏறியிருத்தலும் அறவே விலக்கத்தக்கன. அழுத்துவோன் கைக்குக் குனிவோன் நோவு தெரியாது. இழுவை வேறு, நோவு வேறு; இழுவை கொள்ளத்தக்கது, நோவு தள்ளத்தக்கது. “நோகிறது” என்று சொல்லும் மாணவனைக் கோழை என்று நகையாடுதல் ஆசிரியர்க்கும் அழகன்று, தலைவர்க்கும் அழகன்று.

பழைய மாணவராகிய அன்பர்க்கும் ஒரு சொல். ஐம்பதிலும் உடல் வளையும். ஆயின் ஒரு காலையில் வளையாது. கிழமைக்கு இரண்டு மூன்று நாளாக, சில வாரங்கள் இடையறாது பயின்றால் மூட்டுகள் இயங்கும் எல்லை விரிதல் உறுதி. ஆண்டு முழுவதும் நாற்காலியில் இருந்துவிட்டு, இந்நாள் மாணவரோடு துடுப்பாட்டம் ஆடும் அன்று மட்டும் நான்குமுறை குனிந்து நிமிர்வது பயிற்சியாகாது.

தசையில் ஏதோ அறுந்தாற்போன்ற உணர்ச்சியோ ஓசையோ தோன்றின் உடனே ஆட்டத்தை நிறுத்துக. துணியிற் சுற்றிய பனிக்கட்டியை வைத்து, காலை உயர்த்தி ஓய்வு கொள்க. முதல் இரண்டு மூன்று நாளும் சூட்டு ஒத்தடமும், எண்ணெய் பூசி உருவுதலும் வேண்டா. தோல் கருநீலமாகக் கன்றினும், கால் ஊன்ற இயலாதிருப்பினும் வைத்தியரை நாடுக.

வளைப்பது யார், வளைவது எது, எவ்வளவு வளைவது என்னும் மூன்றையும் அறிந்து பயில்வோர்க்கு இப்பயிற்சி நன்மையே தரும். இளைஞர் பொறுமையையும், மூத்தோர் விடாமுயற்சியையும் கைக்கொள்வாராக.