கடைக் கட்டடத்தைப் பழுது பார்க்க யாரிடம் வேலை கொடுப்பது?



1999-ல் தொடங்கிய எஸ்.ஜி.எஸ்.ஒய். திட்டத்தில் பல ஊராட்சிகளில் சுய உதவிக் குழுக்களுக்குக் கட்டடம் கட்டிக் கொடுத்தார்கள். 2011-ல் அந்தத் திட்டம் தேசிய ஊரக வாழ்வாதார இயக்கமாக மாறியது. பெயர் மாறினாலும் கட்டடம் அதே கட்டடம்தான். முன்பக்கம் கடை, பின்பக்கம் மசாலா மில் என்று நாம் தொழில் நடத்துகிற இடங்களில் இப்போது பூச்சு உதிர்கிறது, தளத்தில் கம்பி தெரிகிறது. மழை வந்தால் மூட்டைகளை இடம் மாற்ற வேண்டியிருக்கிறது. பழுது பார்க்கணும் என்று தீர்மானம் போடுவது சுலபம். யாருக்கு வேலை கொடுப்பது என்பதில்தான் மனஸ்தாபம் வருகிறது. செலவாகப் போவது வாரம் 50, 100 என்று சேர்த்த பொதுப்பணம். வேலை கெட்டுப்போனால் தலைவியையும் செயலாளரையும்தான் எல்லாரும் கேட்பார்கள்.

முதலில் கட்டடம் யாருடையது என்று பாருங்கள். ஊராட்சிக் கட்டடம் என்றால் எழுத்து மூலமாக அனுமதி வாங்கிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். வாடகைக் கட்டடம் என்றால் செலவில் எவ்வளவை வாடகையில் கழிப்பார் என்று உரிமையாளரிடம் எழுதி வாங்குங்கள்.

காண்ட்ராக்டரைக் கூப்பிடுவதற்கு முன்னால் என்னென்ன வேலை என்பதை நாமே எழுதிக்கொள்ள வேண்டும். இது முக்கியம். நீளமான கம்பால் கூரையின் அடிப்பக்கத்தைத் தட்டிப் பாருங்கள் (நேர் கீழே நிற்காதீர்கள், பெயர்ந்து விழும்). கெட்டியான சத்தம் வந்தால் நல்லது. பொத்தையாகச் சத்தம் வருகிற இடத்தில் பூச்சு விட்டுவிட்டது என்று அர்த்தம். சாக்பீஸால் வட்டம் போட்டு வையுங்கள். கம்பி துருப்பிடித்து உப்பிய இடத்தில் மேலாகப் பூசி வெள்ளையடித்தால் பார்க்க நன்றாயிருக்கும், ஒரு மழையிலேயே மறுபடி விழும். பழைய பூச்சை உரித்து, துருவைத் தேய்த்து எடுத்து, துருத் தடுப்பு அடித்துவிட்டுத்தான் பூச வேண்டும். கம்பி ரொம்ப மெலிந்திருந்தாலோ தளம் தொங்கினாலோ அது மேஸ்திரி முடிவு செய்கிற விஷயம் இல்லை. ஒரு பொறியாளர் பார்த்தாக வேண்டும்.

எழுதிய பட்டியலை மூன்று பேரிடமாவது கொடுங்கள். மூன்று பேருக்கும் ஒரே பட்டியல். வாயால் சொல்லி விலை கேட்டால் ஆளுக்கு ஒரு வேலையை மனதில் வைத்து விலை சொல்வார்கள், நாம் ஒப்பிட முடியாது. ஒரு கணக்குப் பார்ப்போம். (இது உதாரணம்தான். விலையை உங்கள் ஊரில் விசாரித்துக்கொள்ளுங்கள்.) தளம் 6 சதுரம், அதாவது 600 சதுர அடி. முதல் ஆள் 1,85,000 ரூபாய், இரண்டாவது ஆள் 2,40,000, மூன்றாவது ஆள் 2,65,000. கூட்டத்தில் எல்லாரும் 1,85,000-க்கே கை தூக்குவார்கள். ஆனால் அந்தச் சீட்டைப் படித்தால் மாடியில் தட்டோடு பதிப்பது இல்லை, பெயிண்ட் மாதிரி ஒரு பூச்சு மட்டும்தான். வயரிங் இல்லை. உடைத்த மண்ணை அள்ளுவதும் இல்லை. தட்டோட்டுக்கு 42,000, வயரிங்குக்கு 18,000, மண் அள்ள 7,000 சேர்த்தால் 2,52,000 ஆகிவிடுகிறது. எல்லாவற்றையும் சேர்த்துச் சொன்ன இரண்டாவது ஆளைவிட 12,000 அதிகம்! வேலை பாதியில் நிற்கும்போது "அது தனிம்மா" என்று சொன்னால் அப்போது நாம் என்ன செய்ய முடியும்?

கூலிக்கு மட்டும் பேசுகிறாரா, சாமானோடு பேசுகிறாரா என்பதையும் தெளிவாக்குங்கள். சாமானோடு என்றால் எந்த சிமெண்ட், எந்த வயர் என்று பெயரோடு எழுத வேண்டும், ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும். சிமெண்ட் வேலைக்குத் தண்ணீர் ஊற்றுவது யார் என்பதை முக்கால்வாசிப் பேர் பேசுவதே இல்லை. பி.பி.சி. சிமெண்ட் என்றால் 10 நாளாவது ஈரம் காயாமல் பார்க்க வேண்டும். அதற்கு ஆள் யார் என்று எழுதுங்கள். ஜி.எஸ்.டி. தனி என்று சொன்னால் அவருடைய பில்லில் 15 இலக்கப் பதிவு எண் இருக்கிறதா பாருங்கள். தமிழ்நாட்டில் பதிவு செய்தவருக்கு அது 33 என்று தொடங்கும். பதிவு இல்லாதவர் ஜி.எஸ்.டி. வாங்கக் கூடாது.

ஆள் எப்படி என்று எப்படித் தெரிந்துகொள்வது? அவர் காட்டுகிற புதுக் கட்டடத்தைவிட, இரண்டு மழைக்கு முன்னால் பழுது பார்த்துக் கொடுத்த கட்டடத்தைப் போய்ப் பாருங்கள். அந்தக் கடைக்காரரிடம், சொன்ன நாளில் முடித்தாரா, நடுவில் ஆளைக் கூட்டிக்கொண்டு வேறு வேலைக்குப் போனாரா என்று கேளுங்கள். இன்னொரு வழி நம்மிடமே இருக்கிறது. நமது குழுக்களில் சித்தாள் வேலைக்குப் போகிற அக்காமார் எத்தனை பேர்! கலவையில் எவ்வளவு சிமெண்ட் போடுகிறார், சனிக்கிழமை கூலி ஒழுங்காகக் கொடுக்கிறாரா, வாய் எப்படி என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிகிற மாதிரி வேறு யாருக்கும் தெரியாது. அவர்களைக் கேட்காமல் முடிவு செய்யாதீர்கள்.

உறுப்பினர் ஒருவரின் வீட்டுக்காரரோ தம்பியோ மேஸ்திரியாக இருந்தால்? விலை கொடுக்கட்டும், தப்பில்லை. ஆனால் முடிவு எடுக்கிற கூட்டத்தில் அந்த உறுப்பினர் ஓட்டுப் போடக் கூடாது, அதைத் தீர்மான நோட்டிலும் எழுத வேண்டும். "நம்ம அக்கா வீட்டு ஆள்தானே" என்று சீட்டில்லாமல் கொடுத்தால், பிறகு வேலையில் குறை இருந்தாலும் வாய் திறந்து கேட்க முடியாது. குழுவும் உடையும், உறவும் உடையும். எங்கள் அபிப்பிராயம், சொந்தக்காரரிடம்தான் எழுத்து அதிகம் வேண்டும்.

பணத்தை வேலைக்குப் பின்னால் கொடுங்கள். 2,40,000 வேலை என்றால் முன்பணம் 24,000. உரித்து, கம்பி தேய்த்து, பூசி முடித்ததும் 72,000. தட்டோடு பதித்து, ஓரம் கட்டி ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் நிறுத்தி, கீழே கசிவில்லை என்று பார்த்த பிறகு 72,000. வயரிங், ஷட்டர், பெயிண்ட் முடிந்ததும் 48,000. மீதி 24,000 ஐப்பசி, கார்த்திகை மழை போன பிறகு. இதற்கு ஒத்துக்கொள்ளாதவர் மழையைப் பார்த்துப் பயப்படுகிறார் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். எல்லாம் காசோலை அல்லது வங்கி மூலமாகவே போகட்டும். "நாளைக்கு ஆளுக்குக் கூலி கொடுக்கணும், ஒரு பத்தாயிரம் கையில குடுங்க" என்று கேட்டால், அதற்கும் கூட்டத் தீர்மானம் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.

கடைசியாக நாள் கணக்கு. வீட்டைப் போல இல்லை, கடை மூடினால் வருமானம் நின்றுவிடும், வாடிக்கையும் வேறு மில்லுக்குப் போய்விடும். மிளகாய் காய வைத்து அரைக்கிற பங்குனி, சித்திரையில் மில்லை நிறுத்தாதீர்கள். தை, மாசியில் வேலையை வைத்துக்கொள்ளலாம். முதலில் மில் அறை, அது முடிந்து மெஷினைத் திரும்ப மாட்டிய பிறகு கடை என்று பிரித்துச் செய்ய முடியுமா என்று ஒப்பந்தத்துக்கு முன்பே கேளுங்கள். சிமெண்ட் தூசி மசாலாவில் படக்கூடாது என்பதால் நடுவில் தார்ப்பாய் கட்டுவது யார் பொறுப்பு என்பதையும், தாமதமானால் ஒரு நாளைக்கு எவ்வளவு பிடித்தம் என்பதையும் அதிலேயே சேர்த்து எழுதி, இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டு, ஒரு நகலைக் கூட்டமைப்பு அலுவலகத்தில் கொடுத்து வையுங்கள்.