சதுரகிரிக்கு எந்தச் செருப்பு?

கேள்வி: தாணிப்பாறை வழியாகச் சதுரகிரி ஏறப்போகிறோம். வழியில் ஓடைகளைக் கடக்க வேண்டுமாம். என்ன ஷூ வாங்கலாம்?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: தோல் ஷூ வேண்டவே வேண்டாம். தோல் பதனிடும் ஊரில் இருக்கும் உங்களுக்கே தெரியும், நனைந்த தோல் கனக்கும், சீக்கிரம் காயாது. வாட்டர்புரூஃப் ஷூவும் ஓடைக்கு உதவாது; கணுக்காலைத் தாண்டி உள்ளே புகுந்த தண்ணீர் வெளியேற வழியில்லை. ரப்பர் செருப்பையோ ஓடை இழுத்துக்கொண்டு போய்விடும்.

விரல்களை மூடி, குதிகாலில் வார் போட்ட சாண்டல்தான் என் தேர்வு. வலைத்துணி ஷூவும் சரி, தண்ணீர் உடனே வடிந்துவிடும். கடையில் திருப்பிப் பாருங்கள்: அடிப்பாகம் மெத்தென்ற ரப்பராக, ஆழமான வரிகளோடு இருக்க வேண்டும். வீட்டில் துவைக்கிற கல்லை நனைத்து அதன்மேல் நின்று பாருங்கள். வழுக்கினால் மலைக்கு ஆகாது. கால் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில் அளவு பார்த்து வாங்கி, சில நாள் போட்டு நடந்து பழகுங்கள். பருத்திக் காலுறை ஈரத்தைப் பிடித்துவைத்துக் கொப்புளம் போடும். நைலான் கலந்தது நல்லது.

பாசி படிந்த பாறையில் எந்த ஷூவும் வழுக்கும், கையில் கம்பு இருக்கட்டும். 2015 மே மாதம் இதே மலையில் திடீர் வெள்ளம் பக்தர்களின் உயிரைப் பறித்தது. மேலே பெய்யும் மழை கீழே தெரியாது. தண்ணீர் கலங்கலாக வந்தால், எது போட்டிருந்தாலும் இறங்காதீர்கள்.