விண்மீன் காண இருள் தேடுதல்

விண்மீன்களைக் கண்டறிய விழையும் மாணவன் முதற்கண் தேடவேண்டுவது தொலைகாட்டியன்று, இருளேயாம். தெருவிளக்குகளிலிருந்து மேனோக்கிச் செல்லும் ஒளி, வளியிலுள்ள தூசியிலும் நுண்ணிய நீர்த்துளிகளிலும் பட்டுச் சிதறி, வானெங்கும் ஒரு வெண்டிரையாகப் படர்கின்றது. மங்கலான மீன்கள் அத்திரையுள் மறைந்துவிடும். உலக மக்களுள் மூன்றிலொரு பங்கினர் தாம் வாழுமிடத்தினின்று பால்வீதியைக் காணமாட்டாதவர் என 2016 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று கணித்தது.

யாழ்ப்பாணம் நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 10 பாகையில் உள்ளது. ஆதலின், வடவானத்துத் துருவமீனையும் தென்வானத்துத் திரிசங்குவையும் நாம் ஓரிடத்தில் நின்றே காணலாம். எனினும், துருவமீன் அடிவானுக்கு மேல் 10 பாகை உயரத்திலேயே நிற்கும். திரிசங்கு உச்சங்கொள்ளும்போதும் 20 பாகையளவே எழும். கையை நீட்டிப் பிடித்த முட்டி ஏறக்குறைய 10 பாகை அகலமாகத் தோன்றும் என்று கொண்டால் இவ்வுயரம் விளங்கும். நகரொளியோ அடிவானத்தருகேதான் மிகச் செறிந்திருக்கும். எனவே, நாம் நோக்கும் திசையில் ஊர் இராது கடலோ வெறுவெளியோ இருத்தல் வேண்டும். வடவானைக் காணக் காரைநகரின் வடகரை ஏற்றது; தென்வானைக் காண நெடுந்தீவின் தென்கரை ஏற்றது.

இனி, காலம். வடகீழ்ப் பருவமழை பொழியும் ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரையுள்ள மாதங்களை விலக்குக. அமாவாசையை ஒட்டிய இரவுகளே சிறந்தவை. பெப்ரவரி முன்னிரவில் அகத்தியமீன் தெற்கே ஒளிரும். மே மாத முன்னிரவிலோ, முகில் இல்லையாயின், வடக்கே சப்தரிஷி மண்டலமும் தெற்கே திரிசங்குவும் ஒருங்கே உயர்ந்து நிற்கும். கண் இருளுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் செல்லும். அதற்கிடையில் கைப்பேசியை ஒருமுறை நோக்கினும் அப்பழக்கம் கெடும். வழிகாண வேண்டின், சிவப்புத் தாள் சுற்றிய மின்சூளை ஏந்துக.

தேடிய இடம் தக்கதா என அறிய எளிய சோதனையொன்று உண்டு. வசிட்டமீனின் அருகே அருந்ததியைத் தேடுக. அது நான்காம் பருமனுடையது. நல்லிருளில் வெறுங்கண் ஆறாம் பருமன் வரை காணவல்லது. ஆகவே, அருந்ததியே தெரியாத இடத்தில் பால்வீதியை எதிர்பார்த்தல் வீண்.

இருளைத் தேடுதலோடு அமையாது அதனைப் பேணுதலும் நம் கடனாம். அமெரிக்காவில், லோவெல் வானாய்வு நிலையம் அமைந்த பிளாக்ஸ்டாவ் நகரம், 1958 ஆம் ஆண்டிலேயே தேடொளி விளக்குகளைச் சட்டத்தாற் கட்டுப்படுத்திற்று. நாம் விளக்குகளை அணைத்துவிட வேண்டுவதில்லை. ஒளி நிலத்தில் மட்டும் விழுமாறு மேலே மூடியிட்டாற் போதும். மணமக்களுக்கு அருந்ததி காட்டும் மரபு நம்முடையது. காட்டும் விரல் இருந்தும் காணும் மீன் இல்லாத வானத்தை வருந்தலைமுறைக்கு விட்டுச்செல்லாதிருப்போமாக. கல்லூரி முற்றத்து விளக்குகளிலிருந்தே இப்பணியைத் தொடங்கலாம்.