தொழிற்கூடத்தில் கள்ளாமை



“திருடுவது தவறா?” என்று வகுப்பில் வினவினால், குழந்தைகள் அனைவரும் “தவறு” என்று ஒரே குரலில் விடை கூறுவர். “பணி நேரத்தில் பாதியைப் பேச்சில் கழித்துவிட்டு முழுக் கூலி பெறுவது திருட்டா?” என்று வினவினால், பெரியவர்களும் சற்றே தயங்குவர். இல்லறத்தார் ஏற்கும் ஐந்து அணுவிரதங்களுள் ஒன்றாகிய கள்ளாமை இத்தயக்கத்தைப் போக்குகின்றது. கொடுக்கப்படாததைக் கொள்ளாமை என்பதே அதன் பொருள். பிறர் வைத்த பொருளும், தவறவிட்ட பொருளும், மறந்த பொருளும் நம்முடையன அல்ல.

இவ்விரதத்திற்கு மாசு சேர்க்கும் குற்றங்கள் ஐந்து எனத் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அதிகாரத்தில் உமாசுவாமிகள் வகுத்துள்ளார். அவை பழங்கால அங்காடிக்கு மட்டும் உரியனவோ என்று சிலர் எண்ணலாம். இன்றைய தொழில் நகரம் ஒன்றில் வைத்து அவற்றைப் பார்ப்போம்.

கருநாடக எல்லையை ஒட்டிய ஒசூரில் 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தது. 1980-இல் அசோக் லேலண்டு ஆலை வந்தது. டாட்டா குழுமமும் டிட்கோவும் 1984-இல் கூட்டாகத் தொடங்கிய டைட்டன் கடிகார நிறுவனமும் அங்கேயே தன் ஆலையை நிறுவியது. பேராலைகளைச் சுற்றி உதிரிப் பாகங்கள் செய்யும் சிறு பட்டறைகள் பெருகின. வந்தவாசி, திண்டிவனம் பகுதிகளைச் சேர்ந்த நம் பிள்ளைகளும் இத்தகைய நகரங்களுக்கு வேலை தேடிச் செல்கின்றனர். ஆகவே இப்பாடம் நம் இல்லங்களுக்கும் உரியதே.

முதற் குற்றம், திருடத் தூண்டுதல். “எப்படியாவது இன்றைய கணக்கைக் காட்டிவிடு” என்று மேற்பார்வையாளர் கூற, செய்யாததைச் செய்ததாகத் தொழிலாளி எழுதினால், இருவரும் குற்றத்திற்கு உரியவரே.

இரண்டாவது, திருட்டுப் பொருளை வாங்குதல். ஆலையிலிருந்து வெளியேறிய செம்புக் கம்பியும் பித்தளைத் துண்டும் பில் இன்றி மலிவாகக் கிடைக்கும்போது, “நாமா திருடினோம்?” என்று பட்டறைக்காரர் தம்மைத் தேற்றிக் கொள்ளலாம். வாங்குவோர் இல்லையேல் திருடுவோரும் குறைவர் என்பதை அவர் எண்ணுதல் வேண்டும்.

மூன்றாவது, அரசின் ஒழுங்கை மீறுதல். எல்லையில் வாழ்வோர்க்கு இது நாள்தோறும் வரும் சோதனை. 2017 ஜூலை 1-இல் சரக்கு சேவை வரி நடைமுறைக்கு வந்தபின் எல்லையில் வணிகவரிச் சோதனைச் சாவடிகள் இல்லை. ஆயினும் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு மாநிலம் கடக்க இ-வே பில் வேண்டும். ஒரே சரக்கை இரண்டு பில்லாகப் பிரித்து அத்திப்பள்ளியைக் கடப்பது சாமர்த்தியம் அன்று. வரி ஏய்ப்பே ஆகும்.

நான்காவது, அளவில் கூட்டிக் குறைத்தல். இருபது ரோஜா எனக் கூறி விற்ற கட்டில் பதினெட்டு இருப்பின் அது குற்றம் என்பது எளிதில் விளங்கும். நேரமும் ஓர் அளவே அன்றோ? வராத நண்பனுக்காக வருகையைப் பதிவு செய்யும் தொழிலாளியும், எட்டு மணி நேரக் கூலி கொடுத்துப் பத்து மணி நேரம் வேலை வாங்கும் முதலாளியும் ஒரே குற்றத்தின் இரு பக்கங்கள். மொழி தெரியாமல் வடமாநிலங்களிலிருந்து வரும் ஒப்பந்தத் தொழிலாளி கேட்கமாட்டார் என்பதற்காக அவருடைய மிகுதிநேரக் கூலியைப் பிடித்துக் கொள்வது, கேட்க வாயற்றவரிடம் செய்யும் திருட்டு.

ஐந்தாவது, நல்லதோடு தாழ்ந்ததைக் கலத்தல். கிருட்டிணகிரியின் மாங்கூழில் உயர்ந்த வகையின் பெயரைச் சொல்லி மலிவான வகையைச் சேர்ப்பது ஒன்று. மைக்ரோமீட்டரைக் கையில் எடுக்காமலே “அளந்து பார்த்தேன்” என ஆய்வுத் தாளில் கையொப்பம் இடுவது மற்றொன்று. அவ்வாறு தப்பிய ஒரு பழுதுப் பாகம் லாரியின் பிரேக்கில் சேர்ந்தால், என்றோ ஒருநாள் மலைப்பாதையில் முன்பின் அறியாத ஓர் உயிருக்கு அது தீங்கு செய்யும்.

இங்கேதான் கள்ளாமையின் உட்பொருள் விளங்குகின்றது. பயிருக்கு வேலிபோல் மற்ற நான்கு விரதங்களும் கொல்லாமையைக் காக்கின்றன என்பது நம் ஆன்றோர் கொள்கை. இரவு உணவு விலக்கி, நீரை வடிகட்டிப் பருகிச் சிற்றுயிர்களைக் காக்கும் நாம், ஐந்து நிமிடச் சோம்பலில் இட்ட கையொப்பத்தால் ஒருவர் உயிருக்கு ஊறு செய்யலாமா?

“எல்லோரும் செய்கிறார்களே” என்னும் சொல் விரதத்தைத் தளர்த்தும். செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என வினை மூன்று வழியாலும் வந்து சேரும். பிறர் செய்வதைக் கண்டு மனம் ஒப்புவதும் அவற்றுள் ஒன்று.

இல்லங்களில் ஒரு பயிற்சியை மேற்கொள்ளலாம். வாரம் ஒருமுறை மாலை உணவுக்குப்பின் குடும்பத்தார் ஒன்றாக அமர்ந்து மூன்று வினாக்களைத் தமக்குத் தாமே கேட்டுக்கொள்க:

1. இவ்வாரம் நாம் பெற்ற கூலிக்கும் இலாபத்திற்கும் உரிய உழைப்பையோ பொருளையோ முழுமையாகக் கொடுத்தோமா?

2. நம்மிடம் வேலை செய்தவருக்கு, வீட்டுப் பணியாளர் உட்பட, உரியதைக் குறையாமல், நாள் கடத்தாமல் கொடுத்தோமா?

3. பாராமல் “பார்த்தோம்” என்று எதிலேனும் எழுதினோமா?

விடையைப் பிறர் கேட்கச் சொல்லவேண்டுவதில்லை. குறை தெரிந்தால் மறுநாளே அதனை ஈடுசெய்தல் போதும். பிள்ளைகளுக்கு வேலை தேடித் தருவதில் நாம் காட்டும் அக்கறையை, அவ்வேலையைத் தூய்மையாகச் செய்யக் கற்பிப்பதிலும் காட்டுவோமாக.

அறம் வளர்க!