உடலுக்கு எவ்வளவு பயிற்சி?

முரசுமோட்டை வயல்களில் கையால் அரிவிவெட்டிய காலத்தில் தேகப்பயிற்சி என்ற பேச்சே எழவில்லை. இன்று உழுவதும் வெட்டுவதும் இயந்திரம். வரம்பில் நிற்கும் கமக்காரருக்கு வியர்ப்பது வெயிலால்; நீரிழிவுக்கு அந்த வியர்வை மருந்தாகாது.

1953இல் ஜெரி மொரிஸ் என்ற மருத்துவர் இலண்டன் பஸ் ஊழியரைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார். இருந்தபடி ஓட்டிய சாரதிகளிலும் பார்க்க, மாடிப்படி ஏறியிறங்கிய நடத்துனருக்கு இருதய நோய் குறைவு. (சாரதிகளின் காற்சட்டை இடுப்பும் பெரிதாம்!)

அப்படியாயின் எவ்வளவு வேண்டும்? வளர்ந்தோருக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, கடும் உழைப்பாயின் அதில் பாதி என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டல். பேசலாம், பாட இயலாது என்ற அளவுக்கு மூச்சு வாங்கினால் அது மிதமானது. பரந்தன் வீதியில் தினம் அரைமணி சைக்கிள் மிதித்தால் ஐந்து நாளில் கணக்குச் சரி. தசைகளுக்கு வலுவூட்டும் வேலை இரண்டு நாளாவது வேண்டும். அதற்கு வீட்டு மூலையில் கிடக்கும் மண்வெட்டி போதும்.