பையைத் தூக்குமுன் பழக வேண்டியவை

பிள்ளைக்கு நான்கு வயது, நான்கு மாதம், நான்கு நாள் நிறைந்ததும் பிஸ்மி சொல்லி ஓதவைப்பது இந்திய முஸ்லிம்கள் பலரிடையே நெடுநாளைய வழக்கம். ஹஜ்ரத் அவர்களை அழைத்து, இனிப்பு வழங்கி, அலிஃப் சொல்லிக் கொடுப்பார்கள். வழக்கம் நல்லதே. எனினும் இந்த நாள் கணக்கு குர்ஆனிலும் இல்லை, ஹதீதிலும் இல்லை. அப்படியாயின், பிள்ளை ஓதுவதற்கும் படிப்பதற்கும் ஆயத்தமாகிவிட்டதை எதைக்கொண்டு அறிவது?

ஹனஃபீ மத்ஹபின் சட்ட நூலில், நாம் எதிர்பாராத ஓரிடத்தில் இதற்கு விடை கிடைக்கிறது. தாயும் தந்தையும் பிரிய நேர்ந்தால் பிள்ளை யாரிடம் வளரும் என்பதைக் கூறும் பாடம் அது. ஹிஜ்ரி 593-இல் மறைந்த இமாம் மர்கீனானீ அவர்கள் தம் 'ஹிதாயா'வில், ஆண்பிள்ளை தானே உண்டு, தானே பருகி, தானே உடுத்தி, தானே இஸ்தின்ஜா செய்துகொள்ளும் வரை தாயிடம் இருக்கும் என்கிறார்கள். அதன் பின்னரே பிள்ளையைப் பயிற்றுவிக்கும் பொறுப்பு தந்தையைச் சேர்கிறது. (பெண்பிள்ளைக்குச் சட்டம் வேறு, அது இங்கே பேச்சன்று.) இமாம் கஸ்ஸாஃப் அவர்கள் இந்நிலையை ஏழு வயது என மதிப்பிட்டார்கள். தொழுகையை ஏவச் சொல்லும் அபூதாவூது ஹதீதிலும் ஏழு வயதே வருகிறது.

தாய்மார்களே, அந்த நான்கில் எழுத்து ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனியுங்கள்.

நம் காலத்தில் ஏழு வரை காத்திருக்க இயலாது. தமிழ்நாட்டில் ஐந்து வயது நிறைந்தால் முதல் வகுப்பு. 1975-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டமும், 1982 ஜூலை 1-இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டமும் இரண்டு வயதுப் பிள்ளையையே பால்வாடிக்கு வரவழைத்தன. 2019-இல் அரசு நடுநிலைப் பள்ளிகளின் வளாகத்து அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளும் வந்துவிட்டன. ஆகவே அந்த நான்கையும் வீட்டிலேயே சீக்கிரம் தொடங்கிவிட வேண்டும்.

இராஜபாளையத்தில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அத்தாவுக்கு மில்லில் ஷிப்டு, அம்மாவுக்குப் பேண்டேஜ் துணி மடிக்கும் வேலை. பையனுக்கு நாலரை வயது. அலிஃப் முதல் யா வரை தடங்கலின்றிச் சொல்வான். ஃபாத்திஹா சூராவும் மனப்பாடம். வந்தவர்களிடமெல்லாம் சொல்லச் சொல்லிப் பெருமைப்பட்டார்கள். பள்ளியில் சேர்த்த மூன்றாம் நாள் கால்சட்டை நனைந்து வீடு திரும்பினான். பொத்தானைக் கழற்றத் தெரியவில்லை. 'போக வேண்டும்' என்று ஆசிரியையிடம் கேட்கவும் வாய் வரவில்லை. மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். அதன் பிறகு பையைக் கண்டாலே அழுகை. காலை அவசரத்தில் ஊட்டிவிடுவதும் உடுத்திவிடுவதும் கழுவிவிடுவதும் பெற்றோருக்குச் சுலபமாயிருந்தது. அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வளர்ப்பில் இருந்த உமர் இப்னு அபீஸலமா (ரலி) அவர்கள், தாம் சிறுவராயிருந்தபோது உணவுத் தட்டில் தம் கை அங்குமிங்கும் அலைந்ததைக் கூறுகிறார்கள். பிஸ்மில்லாஹ் சொல்லி, வலக்கையால், தனக்கு முன்னிருப்பதை உண்ணுமாறு நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுக் கொடுத்தார்கள். (புகாரி, முஸ்லிம்.) தட்டைப் பறித்து ஊட்டிவிடவில்லை.

சோற்றைப் பிசைந்து விரல்நுனியால் எடுக்கும் பிள்ளையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நடுவிரலுமே பின்னர் பென்சிலைப் பிடிக்கப் போகின்றன. இரண்டரை வயதில் பென்சிலைத் திணித்தால் முஷ்டியால் பற்றிக்கொண்டு தாளைக் கிழிக்கும். அதற்குப் பதிலாகச் சின்ன வெங்காயம் உரிக்கட்டும். சப்பாத்தி மாவை உருட்டட்டும். சிந்தினால் சிந்தட்டும்.

நம் பிள்ளைகளுக்கு இன்னொரு சுமையும் உண்டு. தமிழும் ஆங்கிலமும் இடமிருந்து வலம் போகின்றன. அரபி வலமிருந்து இடம் போகிறது. பா, தா, ஸா மூன்றும் ஒரே ஓடம் போன்ற வடிவம். கீழே ஒரு புள்ளி, மேலே இரண்டு, மேலே மூன்று என்பதே வேற்றுமை. மேல்-கீழ், ஒன்று-இரண்டு-மூன்று புரியாத பிள்ளைக்கு அது வெறும் கோடுதான். புளியங்கொட்டையைத் தட்டுக்கு மேலே இரண்டு, கீழே ஒன்று என்று வைத்து விளையாடிய பிள்ளைக்கு உஸ்தாது ஒருமுறை காட்டினால் போதும். வலம் இடம் பழக்கப் பஸ் பயணமே போதும். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து இராஜபாளையம் போகையில் மலை வலப்பக்கம் வரும், திரும்புகையில் இடப்பக்கம். ஏன் மாறிற்று என்று பிள்ளையைக் கேளுங்கள். அது சொல்லும் பதில் தவறாயிருந்தாலும் முழுதாகச் சொல்ல விடுங்கள். காதால் கேட்டு வாயால் பதில் சொல்லிப் பழகிய பிள்ளைதான் வகுப்பில் ஆசிரியையிடம் வாய் திறக்கும். மூன்று எழுத்தையும் ஒரே மாதத்தில் தொடங்குவது எனக்கு உடன்பாடில்லை. ஒன்று கைவந்தபின் மற்றொன்று.

இஸ்தின்ஜாவைப் பற்றிப் பேச நாம் கூச்சப்படுகிறோம். பிள்ளையின் கைக்கு அடங்கும் சிறு குவளை, எட்டும் உயரத்தில் தண்ணீர், இடக்கையால் கழுவுதல், பின்னர் சோப்பிட்டுக் கை கழுவுதல் ஆகியவற்றை மூன்று வயதில் அருகில் நின்று காட்டுங்கள். நான்கில் கதவருகே நின்றால் போதும். பள்ளியில் கேட்க வேண்டிய வாக்கியத்தை வீட்டில் உரக்கச் சொல்லிப் பழக்குங்கள்.

அந்தப் பையனுக்கு அவன் அம்மா பொத்தானில்லாத, இடுப்பில் எலாஸ்டிக் வைத்த கால்சட்டை வாங்கினாள். கேட்க வேண்டியதைத் தினமும் காலையில் சொல்லிப் பார்க்க வைத்தாள். பாட்டியும் ஊட்டுவதை நிறுத்தினார். ரமலான் வருமுன் அழுகை நின்றது. பொத்தான் போடுவதை இப்போது அத்தாவின் பழைய சட்டையில் பழகிக்கொண்டிருக்கிறான்.