பம்பைப் பிரிக்கும் முன் ஒரு கேஜ் வையுங்கள்

அன்புள்ள நன்னிலம் வாசகருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. கொள்முதல் நிலையத்திலிருந்து நெல் ஏற்றும் உங்கள் பழைய ஆறு சிலிண்டர் லாரிக்கு டர்போ போட்டு, பம்ப் செட்டிங்கையும் கூட்டியிருக்கிறீர்கள். காலி வண்டி நன்றாக ஓடுகிறது. லோடு ஏற்றினால் பாலத்து ஏற்றத்தில் திணறுகிறது. ஒரு மெக்கானிக் நாசில்களுக்கு டீசலை அழுத்தி அனுப்பும் எஃப்.ஐ. பம்பை இறக்கச் சொல்கிறார். இன்னொருவர் செட்டிங்கை இன்னும் கொஞ்சம் கூட்டினால் சரியாகிவிடும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது என்பது உங்கள் கேள்வி.

இரண்டையும் இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். முதலில் டீசல் பிரஷரை அளந்து பாருங்கள். எஞ்சினில் மாற்றம் செய்த வண்டியோடு இதே சிக்கலில் இருப்பவர்கள் டெல்டாவில் உங்களைத் தவிரவும் இருப்பார்கள் என்பதால் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்திலேயே பாதி விடை இருக்கிறது. "புகையும் இல்லை, புல்லிங்கும் இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். செட்டிங் கூட்டிய எஞ்சினுக்குக் காற்று போதாவிட்டால் கறுப்புப் புகை தள்ளும்; டர்போ ஹோஸில் கசிவு இருந்தால் அப்படித்தான் தெரியும். வெண்புகையோடு ஐட்லிங் ஏறி இறங்கினால் டீசல் லைனில் ஏர் எடுக்கிறதா என்று பார்க்க வேண்டும். கறுப்புப் புகையும் வராமல் இழுவையும் இல்லையென்றால் சிலிண்டருக்குப் போக வேண்டிய டீசல் போய்ச் சேரவில்லை. இந்த நிலையில் செட்டிங்கைக் கூட்டுவது, வாய்க்காலில் தண்ணீர் வராதபோது கடைமடை வயலின் மடையை அகலமாக வெட்டுவது போலத்தான்.

டீசல் வரும் வழியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். டேங்கிலிருந்து வலை, ஹோஸ், ஃபீடு பம்ப், ஃபில்டர், அங்கிருந்து எஃப்.ஐ. பம்பின் உள்ளறை; மிஞ்சியது ஓவர்ஃப்ளோ வால்வு வழியாக டேங்குக்குத் திரும்புகிறது. 1951இல் தொடங்கிய மைக்கோ நிறுவனம் 2008இல் பாஷ் என்று பெயர் மாறிய பிறகும் பட்டறைகளில் பலர் எஃப்.ஐ. பம்பை மைக்கோ பம்ப் என்றே சொல்கிறார்கள். இந்த வரிசைப் பம்பில் எஞ்சின் 2000 ஆர்.பி.எம். ஓடும்போது பம்ப் 1000 சுற்றுகிறது. டீசலைத் தள்ளும் ஒவ்வொரு பிளஞ்சரும் ஒரு சுற்றை முடிக்கக் கிடைப்பது 0.06 நொடி. அதிலும் ஒரு பகுதி நேரத்துக்குள் அதன் அறை டீசலால் நிரம்ப வேண்டும். பின்னாலிருந்து அழுத்தம் தள்ளினால்தான் நிரம்பும். ஐட்லிங்கில் அவகாசம் இருப்பதால் குறை தெரியாது; லோடோடு வேகம் எடுக்கும்போதுதான் வெளியே வரும். நன்னிலத்திலிருந்து திருவாரூர் போனாலும் பேரளம் போனாலும் ரோடு சமதளம். அதனால் இந்தக் கோளாறு நம் பக்கத்தில் மாதக்கணக்கில் மறைந்திருக்கும். ஆற்றுப் பாலத்தின் ஏற்றம்தான் காட்டிக் கொடுக்கும்.

இப்போது கணக்கு. டீசல் எஞ்சின் முழு லோடில் ஒரு குதிரைத் திறனுக்கு மணிக்குச் சுமார் 160 கிராம் டீசல் குடிக்கும். 120 குதிரைத் திறனுக்கு மணிக்கு ஏறத்தாழ 23 லிட்டர். அதையே 160 ஆக்கினால் 31 லிட்டர். எரிவதற்கு மேலாகத் திரும்பி ஓடவும் டீசல் வேண்டும்; பம்பைக் குளிர்விப்பதும் ஏரை வெளியேற்றுவதும் அந்த ஓட்டம்தான். எஞ்சினின் தேவையைக் கூட்டியிருக்கிறீர்கள். ஃபீடு பம்பும் ஃபில்டரும் ஹோஸும் பழைய அளவிலேயே இருக்கின்றன. என் சந்தேகம் முதலில் அங்கேதான்.

அளப்பதற்கு முன் இரண்டு எளிய வேலை இருக்கிறது. ஆக்சிலேட்டரை ஒருவர் முழுதாக மிதிக்க, பம்பின் லீவர் கடைசி ஸ்டாப் வரை போகிறதா என்று பாருங்கள். பம்பில் பூஸ்ட் டயாஃப்ரம் இருந்தால், டர்போ பக்கத்திலிருந்து அதற்கு வரும் சிறு பைப் வெடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். அந்தப் பைப் கசிந்தாலும் பம்ப் டீசலைக் குறைத்துவிடும். அறிகுறியும் இதே போலத்தான் இருக்கும்.

அடுத்து கேஜ். 0 முதல் 7 பார் வரை காட்டும் சாதாரண கேஜ் போதும். ஃபில்டருக்கும் எஃப்.ஐ. பம்புக்கும் நடுவில் டீ போட்டு இணையுங்கள். கேஜைக் கண்ணாடிக்கு வெளியே, வைப்பர் பக்கம் கட்டிவிட்டு, பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கச் சொல்லுங்கள். டீசல் ஹோஸைக் கேபினுக்குள் கொண்டுவர வேண்டாம். இந்த வகைப் பம்புகளில் பொதுவாக 1 முதல் 2 பார், அதாவது 15 முதல் 30 பி.எஸ்.ஐ. வரை இருக்கும், உங்கள் எஞ்சினின் சர்வீஸ் புத்தகத்தில் உள்ள எண்ணே முடிவானது. ஐட்லிங்கில் பார்த்துவிட்டுத் திருப்திப்பட்டுவிடாதீர்கள். லோடோடு, டாப் கியரில், அந்த ஏற்றத்தில் முள் எங்கே நிற்கிறது என்பதுதான் வேண்டும்.

அங்கே முள் விழுந்தால் இன்னொரு கேஜை ஃபில்டருக்கு முன்னால் வையுங்கள். முன்னால் நல்ல அழுத்தம், பின்னால் இல்லை என்றால் ஃபில்டர் அடைப்பு. இரண்டு பக்கமும் குறைவென்றால் வண்டியை நிறுத்தி, ஐட்லிங்கில் ரிட்டர்ன் ஹோஸைச் சில நொடி மட்டும் அமுக்கிப் பிடியுங்கள். முள் சட்டென்று ஏறினால் ஓவர்ஃப்ளோ வால்வைக் கழற்றிப் பாருங்கள். ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், சீட்டில் தூசி உட்கார்ந்திருக்கலாம். இன்னொன்றும் நடக்கும்: இந்த வால்வு பார்வைக்குச் சாதாரண பேஞ்சோ போல்ட் மாதிரியே இருக்கும். ஃபில்டர் மாற்றும்போது இடம் மாறி, வால்வு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் போல்ட் ஏறிவிட்டால் அழுத்தம் நிற்கவே நிற்காது. பம்ப் முழுவதையும் பிரித்தாலும் அந்தக் கோளாறு பிடிபடாது.

ரிட்டர்னைப் பிடித்தும் முள் ஏறவில்லையென்றால் ஃபீடு பம்புக்கு முந்தைய பக்கம் போங்கள். சுத்தமான கேனில் வடிகட்டிய டீசலை எடுத்து, சாயாதபடி உயரத்தில் கட்டி, அதிலிருந்து நேராக ஃபீடு பம்புக்கு ஹோஸ் கொடுங்கள். கோளாறு மறைந்தால் குற்றம் டேங்க் பக்கம்: வலை அடைத்திருக்கும், ஹோஸ் உள்ளே உரிந்து ஒட்டியிருக்கும், அல்லது டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைபட்டிருக்கும். கோளாறு அப்படியே இருந்தால் ஃபீடு பம்பைப் பாருங்கள்: அதன் ஸ்பிரிங், இரண்டு சிறு வால்வுகள், கைப்பம்பின் சீல். உறிஞ்சும் பக்கத்தில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். அதனால் "எங்கும் லீக் இல்லை" என்ற சொல்லை நம்பாதீர்கள். ஒரு முழம் கண்ணாடி ஹோஸ் இணைத்துக் குமிழி ஓடுகிறதா என்று பாருங்கள். செம்பு வாஷரைத் திரும்பத் திரும்பப் போடாமல் ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுங்கள்.

நம் ஊர் நிலவரம் ஒன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். குறுவை அறுவடைக்கும் சம்பா அறுவடைக்கும் இடையில் லாரி பாதி டேங்கோடு சும்மா நிற்கும். டேங்கின் மேல்பகுதியில் ஈரம் படிந்து தண்ணீராகி அடியில் தங்கும். அறுவடை மெஷினுக்காக வயலில் வைத்த பேரல் டீசலை அவசரத்துக்கு லாரியில் ஊற்றினால் மழைத் தண்ணீரும் கூடவே வரும். தண்ணீரும் டீசலும் சேரும் இடத்தில் நுண்ணுயிர் வளர்ந்து கறுப்பு வழுவழுப்பாகப் படியும். வலையை அடைப்பது பெரும்பாலும் அதுதான். சீசன் தொடங்கும் முன் டேங்கின் வடிகால் போல்ட்டைத் திறந்து, அடியில் இருப்பதை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துச் சற்று நேரம் வைத்துப் பாருங்கள். தண்ணீர் தனியாகக் கீழே இறங்கி நிற்கும்.

எல்லாம் சுத்தமாக இருந்தும் லோடில் முள் விழுந்தால், ஃபீடு பம்ப் உங்கள் புது எஞ்சினுக்குப் போதவில்லை என்று தீர்மானிக்கலாம். அதே எஞ்சினின் டர்போ மாடலுக்குக் கம்பெனி எந்த ஃபீடு பம்ப், எந்த ஃபில்டர் கொடுத்தது என்று கேட்டு அதைப் போடுங்கள். கிடைத்த எலெக்ட்ரிக் பம்பை மாட்டி அளவுக்கு மீறி அழுத்தினால் டீசல் பம்பின் சீலைத் தாண்டி எஞ்சின் ஆயிலில் கலக்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு ஏறியிருந்தாலோ டீசல் வாடை வந்தாலோ வண்டியை எடுக்காதீர்கள், பேரிங் போய்விடும்.

பி.எஸ். 4, பி.எஸ். 6 காமன் ரெயில் லாரி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வெளியில் விற்கும் டியூனிங் பாக்ஸ்களில் பல, ரெயில் அழுத்தத்தைக் குறைத்துக் காட்டி, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் ஈ.சி.எம்.மை ஏமாற்றுகின்றன. அதைக் கழற்றாமல் ஸ்கேனரில் படிக்கும் எண் பொய். அந்த எஞ்சின்களில் 1600 பாரும் அதற்கு மேலும் அழுத்தம் இருக்கும். எஞ்சின் ஓடும்போது நாசில் பைப்பைத் தளர்த்தவே கூடாது. பழைய எஞ்சினிலும் நாசில் பீச்சுக்கு நேரே கையை நீட்டாதீர்கள். டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். மேலே சிறு புள்ளிதான் தெரியும். ஆனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் விரலையே இழக்க நேரிடும்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆவது பிரிவையும் மறக்க வேண்டாம். ஆர்.சி.யில் உள்ள விவரம், தயாரிப்பாளர் முதலில் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது அது. விபத்து நடந்த பிறகு இன்சூரன்ஸில் பேச்சு எழுவதைவிட இப்போதே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுத் தெளிவது நல்லது.

10 டன் லோடு என்பது 40 கிலோ மூட்டையில் 250 மூட்டை. மேகம் திரண்டு நிற்கும் நாளில் அது பாலத்தில் நின்றுபோனால் நனைவது ஒரு விவசாயியின் சாகுபடி முழுவதும். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதினேன். அடுத்த லோடுக்கு முன் கேஜை மாட்டுங்கள். ஐட்லிங்கில் எவ்வளவு, ஏற்றத்தில் எவ்வளவு, ஃபில்டருக்கு முன்னும் பின்னும் எவ்வளவு என்று குறித்து எனக்கு எழுதுங்கள். அந்த எண்கள் கைக்கு வரும்வரை எஃப்.ஐ. பம்பில் யாரையும் ஸ்பேனர் வைக்க விடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்